எவின்ஸ்: எழுத்துருக் கோப்புப் பிழைகள்

எவின்ஸ், க்னோம் மேசைத்தளத்துக்காக உருவான ஆவணக் காட்டி. அது டிவிஐ ஆவணங்களையும் திறக்கும். தட்டச்சமைப்பு மென்பொருளான டெக் தரும் இந்த டிவிஐ ஆவணத்துக்குள் எழுத்துருக்கள் இருப்பதில்லை. பிகே, விஎஃப், டிஎஃப்எம், ஏஎஃப்எம் ஆகிய எழுத்துருத் துணைக் கோப்புகளைப் படித்துத்தான் பக்கம் வரையப்படும். அக்கோப்புகளில் உள்ளதை எவின்ஸ் சரிபாராமல் நம்பியதே கோளாறு. எழுத்தின் எண் அட்டவணையைத் தாண்டினாலோ, ஏஎஃப்எம் கோப்பில் ஒரு சொல் ஒதுக்கிய இடத்தைவிட நீண்டாலோ நினைவகம் சிதைந்து செயலி நின்றுவிடும். தீய நிரல் நுழையவும் வழி பிறக்கும். அதுதான் பெரிய ஆபத்து. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலான சிவிஇயில் சிவிஇ-2010-2640 முதல் 2643 வரை பதிவான இக்குறைகளுக்கு உபுண்டு லினக்ஸ் 2011 ஜனவரியில் திருத்தம் வெளியிட்டது. படிக்கும் முன்பே எல்லையைச் சோதிப்பதுதான் மருந்து. உபுண்டுவைப் போலவே, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. எவின்ஸின் அக்காலப் பதிப்பை இன்னும் வைத்திருப்போர் உடனே புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.