மழைக்குக் கணக்குப் போட்ட கணினிகள்

லால்பேட்டை வீராணம் ஏரிக்கரை ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மழை கூடினாலும் கவலை, குறைந்தாலும் கவலை. சம்பா நட்டவருக்கு "இன்னும் நாலு நாளைக்கு மழை எப்படி?" என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு விடை சொல்ல சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும்.

1980களில் இந்தியா அமெரிக்காவிடம் இரண்டு செயலிகள் கொண்ட கிரே எக்ஸ்-எம்பி கணினியைக் கேட்டது. அணு ஆயுத வேலைக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரே செயலி கொண்டதைத்தான் கொடுத்தார்கள். 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டதும், விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 உருவானதும் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் இயந்திரத்தைக் கட்டுவது பாதி வேலைதான். அதில் எந்த புரோகிராமை ஓட்டுவது?

பரம் 8000-ல் இருந்தவை இன்மாஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள். வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் பொறுப்பைச் சில்லே பார்த்துக்கொள்ளும். யூனிக்ஸ் மாதிரியான ஆபரேட்டிங் சிஸ்டத்தை மனதில் வைத்து அது செய்யப்படவில்லை. அதற்கென்று பிறந்த மொழி ஆக்கம். விஞ்ஞானிகளிடம் இருந்ததோ எல்லாம் ஃபோர்ட்ரான்! ஆகவே ஃபோர்ட்ரான் கம்பைலரோடு, "இந்த எண்களை அந்தச் செயலிக்கு அனுப்பு", "அங்கிருந்து வரும்வரை காத்திரு" என்று சொல்லும் நூலகமும் தேவைப்பட்டது. சி-டாக் அதற்காக பராஸ் என்ற மென்பொருள் தொகுப்பை எழுதியது. பெங்களூர் நால் நிறுவனத்தின் ஃப்ளோசால்வர் (1986), பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அனுபம், ஹைதராபாத் அனுராக்கின் பேஸ் ஆகியவையும் இணைக் கணினிகளே. ஆளுக்கு ஒரு இயந்திரம், ஆளுக்கு ஒரு நூலகம்.

1990களில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை வந்தது. டெல்லி கிரேயில் ஓடிய டி80 என்ற வானிலை புரோகிராமை அவரவர் இயந்திரத்துக்குக் கொண்டுவர வேண்டும். டி80 பூமியை 128 அட்சக் கோடுகளாகப் பிரிக்கிறது. நான்கு செயலிகள் இருந்தால் ஆளுக்கு 32 கோடுகள், கேட்க எளிது. ஆனால் நேரம் ஓர் அடி நகரும்போதெல்லாம் எல்லாக் கோடுகளின் கணக்கையும் சேர்த்துக் கூட்டியாக வேண்டும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். செயலிகளைக் கூட்டக் கூட்டப் பேச்சு அதிகம், வேலை குறைவு!

இன்னொரு தொல்லையும் உண்டு. கூட்டும் வரிசை மாறினால் தசமத்தின் கடைசி இலக்கம் மாறும். கிரே தசம எண்களை எழுதும் முறையே வேறு. வானிலைக் கணக்கில் அந்தச் சின்ன வித்தியாசம் சில நாட்களில் பெரிதாகிவிடும். விடை மாறினால் அது நூலகத்தின் பிழையா, இலக்கத்தின் விளையாட்டா என்று பிரித்தறிவது சாமானிய வேலை அல்ல. புதுச் சில்லு வந்தால் இத்தனையும் மறுபடி முதலிலிருந்து.

1994-ல் எம்பிஐ என்ற பொது விதி வெளியானது. அனுப்பு, பெறு என்ற கட்டளைகளுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர். சி-டாக்கும் சி-எம்பிஐ என்று தன் நூலகத்தை எழுதியது. 1998-ன் பரம் 10000 சன் செயலிகளில் சோலாரிஸோடு ஓடியது. அதன்பின் வந்த பரம் பத்மா ஐபிஎம் செயலிகளில் ஏஐஎக்ஸோடு ஓடியது. அடியில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் மாறியதால் நூலகத்தின் உட்புறத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மேலே ஃபோர்ட்ரானில் இருந்த எம்பிஐ கட்டளைகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2003 ஜூனில் பத்மா உலகின் முதல் 500 கணினிகளில் 171-வது இடத்தைப் பிடித்தது.