ஹாலேக்குப் போன தமிழ்க் கடிதங்கள்: கேட்டவர் யார்? சொன்னவர் யார்?

காலனியமும் ஆய்வும் பற்றி எமது வட்டங்களில் விவாதம் எழும்போதெல்லாம் நாம் ஆங்கிலேயரைப் பற்றியே பேசுகின்றோம். ஜேர்மனியருக்கு இந்தியாவிலோ இலங்கையிலோ குடியேற்ற நாடு இருக்கவில்லை; ஆகவே அவர்களது தமிழாய்வு அதிகாரக் கலப்பற்ற அறிவுத்தேடல் என நம்புவோர் எம்மிடையே பலர். எட்வேர்ட் சயித்தும் 1978இல் வெளிவந்த ‘ஓரியண்டலிசம்’ நூலில் பிரித்தானிய, பிரெஞ்சு ஆய்வுகளையே மையப்படுத்தினார். ஜேர்மனியரைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். இந்த நம்பிக்கை சரிதானா?

டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட சீகன்பால்க், புளுட்ஷோ என்ற இரு ஜேர்மானியப் பாதிரிமார் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். தரங்கம்பாடி டேனிஷ் வர்த்தகக் கம்பனியின் கையிலிருந்த துறைமுகம். சீகன்பால்க் தமிழ் கற்றார், ஏடுகள் சேர்த்தார்; 1708இல் 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளுடன் பட்டியலும் எழுதினார். அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் தளபதி அவரைச் சிறையிலிட்டான். நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார். மிசனும் காலனிய நிர்வாகமும் எப்போதும் ஒரே குரலில் பேசவில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

1712க்கும் 1714க்கும் இடையில் சீகன்பால்க்கும் அவரது சகாவான குருண்ட்லரும் தமிழரிடம் சமயம், வழக்கங்கள், வாழ்க்கைமுறை பற்றிக் கேள்விகள் கேட்டுக் கடிதவழி பதில் பெற்றனர். 99 கடிதங்கள் ஜேர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, பாதிரிமாரின் அடிக்குறிப்புகளுடன் ஹாலே நகரில் அச்சாகின. இன்றைய சமூகவியலாளர் ‘கள ஆய்வு’ என்று சொல்வதற்கு இது மிக நெருங்கியது. ஆனால் அச்சில் எழுதியவர்களின் பெயர்கள் இல்லை. தமிழ் மூலங்களும் எமக்குக் கிடைக்கவில்லை. பல கடிதங்களை எழுதியவர் மிசனின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அப்படியாயின் ‘மலபாரிகள் சொன்னார்கள்’ என்று ஐரோப்பா வாசித்ததில் பெரும்பகுதி ஒரு தனிமனிதனின் குரல்.

அக்கடிதங்கள் வெறும் பணிவான பதில்களாகவும் இருக்கவில்லை. மாடு தின்பது, குடிப்பது, சுத்தமின்மை எனக் கிறிஸ்தவர்களின் நடத்தையை எடுத்துக்காட்டி, உங்கள் சமயத்தை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டவையும் உண்டு. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வுப்பொருளாக வைக்கப்பட்டவர்கள் ஆய்வாளனையே ஆராய்ந்திருக்கின்றார்கள்.

எதை அச்சிடுவது என்ற முடிவோ ஹாலேயிடம் இருந்தது. தமிழ்க் கடவுளர் பற்றி சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த பெரும் நூலை அங்கிருந்த தலைவர் பிராங்கே அச்சிட விரும்பவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவரது வாதம். அந்நூல் 1867இல்தான், அதுவும் சென்னையில், அச்சானது. குடியேற்ற நாடு இல்லாமலும் அறிவின்மேல் அதிகாரம் செலுத்தலாம் என்பதற்கு இது போதிய சான்று. பின்னர் ஜேர்மனிக்குக் குடியேற்ற நாடுகளும் வந்தன. 1904க்கும் 1908க்கும் இடையில் இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்றொழித்தபோது, இறந்தவர்களின் மண்டையோடுகள் ‘ஆய்வுக்காக’ பெர்லினுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் முதற் தொகுதி 2011இல்தான் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

1983க்குப் பின் இங்கு வந்த எம்மிடமும் கேள்விகள் கேட்கப்பட்டன. எந்த ஊர், எந்த வழியால் வந்தாய், யார் அடித்தது? நாம் தமிழில் சொன்னோம், மொழிபெயர்ப்பாளர் ஜேர்மனில் சொன்னார், அதிகாரி சுருக்கிப் பதிந்தார். என் வாழ்க்கையைப் பற்றி அரச கோப்பில் இருக்கும் பக்கங்களில் நான் பேசிய ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. கடிதம் எழுதிய தரங்கம்பாடிக்காரனையும் அகதியையும் சமப்படுத்த நான் வரவில்லை. பதில் பிழைத்தால் அவனை யாரும் நாடுகடத்தப் போவதில்லை. ஆனால் கேள்வி கேட்பவனே விடையின் வடிவத்தையும் தீர்மானிக்கிறான் என்ற உறவு மாறவில்லை. நாளை எமது வரலாற்றை எழுத வருபவன் இக்கோப்புகளையே முதலில் தேடுவான்.

இதற்கு மாற்று, எம்மை நாமே எழுதுவதுதான். அது எளிதல்ல. தாம் வாழ்ந்த சமூகத்தையே ஆராய்ந்து ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். இங்கு 1988இல் ஹேர்ண நகரில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பும், ‘தூண்டில்’ போன்ற சஞ்சிகைகளும் அந்த முயற்சியின் தொடர்ச்சிகளே. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தால் இவற்றிற் பல இன்று வாசிக்கக் கிடைக்கின்றன.

எனினும் ஹாலேக் கடிதங்கள் எமக்கு விடும் எச்சரிக்கை ஒன்றுண்டு. அங்கு பதிலெழுதியவர்கள் எழுத்தறிந்தோர். அக்காலத்தில் அது பெரும்பாலும் உயர்சாதி ஆண்களையே குறிக்கும். எமது சஞ்சிகைகளில் எழுதியவர்கள் யார்? உணவகச் சமையலறையில் இருபது வருடம் கோப்பை கழுவியவரும், தாழ்த்தப்பட்ட சாதியினர் என்பதால் இங்கும் கலியாணப்பேச்சில் ஒதுக்கப்பட்டவரும், வீட்டுக்குள்ளேயே முடங்கிய பெண்களும் எத்தனை பக்கங்கள் எழுதினார்கள்? முதலில் வந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்களது கடிதங்களும் விசாரணைப் பதிவுகளும் நிலவறைகளில் கிடந்து குப்பைக்குப் போகின்றன. அவற்றைச் சேர்ப்பதும், எழுதாதவர்களிடம் சென்று தமிழில் கேட்டு அவர்களது பெயருடனும் சம்மதத்துடனும் பதிவதும் எவருடைய பொறுப்பு? வாசகர்கள் இதுபற்றி விவாதிக்க வேண்டும். விவாதத்தோடு நிற்காமல் தத்தம் நகரங்களில் தொடங்கவும் வேண்டும்.