பழைய பெட்டிக்குள்ள புது கொம்பியூட்டர்: சில ஓட்டைகளின் வரலாறு

இலுப்பைக்கடவையில் பழைய சாமானை லேசில எறிய மாட்டினம். 1990களில் வன்னிக்குக் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டதையும், நாலு துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினதையும் எங்கட வீடுகளில் இன்னும் கதைப்பினம். திறந்து, பார்த்து, மாத்தக்கூடிய சாமான்தான் அந்தக் காலத்தில் தாக்குப்பிடிச்சது.

கொம்பியூட்டருக்கும் இப்படி ஒரு கதை இருக்கு. 1990களின் மங்கல் நிறப் பெட்டிக்குள்ள இன்றைய மதர்போட்டைப் பூட்டுற பழக்கத்தை வெளியில 'ஸ்லீப்பர் பிசி' என்கிறார்கள். பார்த்தால் கிழடு, உள்ளுக்குள்ள வேகம். மொரிஸ் மைனருக்குள்ள ஜப்பான் எஞ்சின் வைச்சு ஓடுற நாட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முப்பது வருசம் இடைவெளி உள்ள ரெண்டு சாமான் எப்படி ஒன்றுக்குள் ஒன்று பொருந்துது? ஐபிஎம் தன் முதல் பிசியை 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்டபோது, அதன் சுற்று வரைபடங்களையும் கையேடாக விற்றது. அதனால் மற்ற நிறுவனங்களுக்கும் அதுக்குப் பொருந்துற சாமான் செய்ய முடிந்தது. 1982 நவம்பரிலேயே கொம்பாக் தன் இணக்கமான கணினியை அறிவித்தது. 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி, அட்டைகள் செருகும் இடங்களுக்கு இடையிலான தூரத்தை 0.8 அங்குலம் ஆக்கியது. இன்றைக்கு வாங்குற மதர்போட்டிலும் அதே 0.8 அங்குலம்தான்.

பிறகு 1995இல் இன்டெல் 'ஏடிஎக்ஸ்' அளவை வெளியிட்டது. போட் 305க்கு 244 மில்லிமீற்றர், திருகாணி ஓட்டைகள் இன்ன இடத்தில், பின்பக்க நீள்சதுர வாசல் இன்ன அளவில் என்று எல்லாம் எழுத்தில் வந்தது. சிப் எத்தனையோ தலைமுறை மாறியும் அந்த ஓட்டைகள் இடம் மாறவில்லை. பழைய பெட்டியைக் காப்பாத்துறது இந்த ஒப்பந்தம்தான்.

அதனால் பெட்டி கிடைச்சால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கோ. நீள்சதுர வாசல் இருந்தால் ஏடிஎக்ஸ், நேரே பூட்டலாம். கீபோட்டுக்கு ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் அது முந்தின 'ஏடி' வகை, வெட்டிக்கொத்த வேண்டிவரும். ஏடி பெட்டியின் பவர் சுவிட்சுக்குள்ளால 230 வோல்ட் நேரடியாகப் போகும். அந்த வயரைப் புது போட்டில் கொழுவவே கூடாது. புது போட் எதிர்பார்க்கிறது சின்ன அழுத்து சுவிட்ச் ஒன்றைத்தான்.

அடுத்த பிரச்சினை சூடு. முதல் ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட். இன்று பெரிய கிராபிக்ஸ் அட்டை ஒன்றே 450 வாட்டுக்கு மேலயும் குடிக்கும். பழைய பெட்டிகளில் முன்பக்கம் காற்றுப் போக வழி குறைவு. எங்கட வெயிலுக்கு அது சரிவராது. முன்னுக்கு ஒரு விசிறி கட்டாயம். பெரிய அட்டையை விட்டு, குறைவாகச் சூடாகிற சிப்பைத் தேடுறது நல்லது. கடற்காற்றின் உப்புக்குத் தகரம் கறள் பிடிக்கும், வெட்டின விளிம்புக்கு உடனே பெயின்ற் அடிக்க வேணும்.

வெளிநாட்டில் இதைச் செய்யிறவை பெரும்பாலும் சின்ன வயசு ஞாபகத்துக்காகச் செய்யினம். எங்களுக்கு அந்த ஞாபகம் இல்லை. மங்கல் நிறப் பெட்டிகள் உலகத்து மேசைகளில் இருந்த வருசங்களில் எங்கட ஊர் இருட்டில் இருந்தது. 2008இல் சண்டை ஊருக்குள் வர, சனம் கையில் கிடைச்சதோடு கிழக்கே போனது. எங்கட வீட்டுப் பரணில் 1990களின் கொம்பியூட்டர் ஒன்றும் இல்லை. வேறெங்கோ அலுவலகம் கழிச்சுவிட்டு, பழைய இரும்புக்காரரிட்ட வந்து சேருற பெட்டிதான் எங்களுக்குக் கிடைக்கிறது.

எங்களுக்கு அந்தப் பெட்டி முக்கியமாகப் படுறதுக்குக் காரணம் வேற. இன்று எங்கட கையில் இருக்கிற போன் பசையால் ஒட்டின சாமான், பற்றரி செத்தால் திறக்கவே பயம். நாலு திருகாணியில் திறக்கிற பெட்டி, உள்ளுக்குள்ள இருக்கிறது எங்கட கைக்கு எட்டும் என்று சொல்லுது. தடைக் காலத்தில் எங்கட பெரியாக்கள் எஞ்சினுக்கு முன்னால குந்தியிருந்து படிச்சதும் அதைத்தான்.

நிறுவைக்குப் போக முதல் அந்தத் தகரத்தை ஒருக்கா திருப்பிப் பாருங்கோ. பின்பக்கம் நீள்சதுர வாசல் இருந்தால், விலை பேசி வீட்டுக்குக் கொண்டு வாங்கோ.