எந்திரம் அனுப்பும் தகவல்: கோவையில் இருந்து குன்னத்தூர் வரை

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி குன்னத்தூர். இது போன்ற ஓர் ஊரில் சின்னதாக ஒரு நிட்டிங் கூடம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரவு ஷிப்டில் ஒரு மெஷின் நின்று விடுகிறது. ஊசி உடைந்திருக்கிறது. ஃபிட்டர் வந்து மாற்றுகிறார், மெஷின் ஓடுகிறது. அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடியும் ஊசி உடைகிறது. இது ஓனருக்குத் தெரியும், ஃபிட்டருக்குத் தெரியும். ஆனால் ஜெர்மனியிலோ தைவானிலோ அந்த மெஷினைச் செய்தவருக்குத் தெரியாது.

எந்திரம் செய்பவர்களுக்கு நெடுங்காலமாக இருந்த பெரிய குறை இதுதான். தன் தொழிற்சாலை வாசலைத் தாண்டிப் போன எந்திரம் என்ன ஆனது, எங்கே அடிக்கடி பழுதாகிறது என்று அறிய வழியில்லை. இன்று சென்சார், இணையம் மூலம் எந்திரங்களை இணைப்பதன் முதல் பயன் இந்தக் குறை தீர்வதுதான். ஆனால் கொங்கு நாட்டில் கம்பி இல்லாமலே இந்த இணைப்பு ஒரு காலத்தில் இருந்தது.

ஆலையும் பட்டறையும்

கோவையின் முதல் நூற்பாலை 1888ல் தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைகளைச் சுற்றிப் பட்டறைகளும் பெருகின. காலையில் ஆலையில் உடைந்த உதிரி பாகம் மாலையில் பட்டறைக்கு வந்து விடும். ஏன் உடைந்தது என்பதும் அதோடு சேர்ந்து வந்து விடும்.

1962ல் ஜி.கே. தேவராஜுலு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்விட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. தேவராஜுலுவின் குடும்பம் 1910ல் தொடங்கிய லட்சுமி மில்ஸை நடத்திய குடும்பம். அதாவது நூற்பு எந்திரத்தை வாங்கி ஓட்டியவர்களே அதைச் செய்யவும் தொடங்கினார்கள். ஸ்விட்சர்லாந்தில் இருந்து வரைபடம் வாங்கலாம். ஆனால் இங்கத்திய பஞ்சு, இங்கத்திய தூசி, இங்கத்திய வெயிலில் எந்திரம் எப்படி ஓடும் என்ற விவரம் இங்கேதான் கிடைக்கும். அந்த விவரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது கோவையின் பலம் எனலாம்.

எண்ணிப் பார்த்த காலம்

வாய்வழிச் செய்தி எண்களாக மாறியது அடுத்த படி. 1956ல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம், அதாவது சிட்ரா, நிறுவப்பட்டது. ரிங் ஃபிரேமில் நூல் எத்தனை முறை அறுகிறது என்பதை ஆலைகளில் ஆள் நின்று எண்ணினார்கள். 100 ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை அறுப்பு என்று கணக்கிடுவது வழக்கம். ஆலைகளின் கணக்கை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தன் ஆலை எங்கே நிற்கிறது என்று முதலாளி தெரிந்து கொள்ள சிட்ராவின் ஆய்வுகள் உதவின.

ஏறக்குறைய அதே சமயத்தில் ஸ்விட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரிலும் இதே யோசனை பலித்தது. நூலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவியை விற்ற நிறுவனம், பல நாட்டு நூல்களைச் சோதித்துக் கிடைத்த அளவுகளைத் தொகுத்து 1957 முதல் 'ஊஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று வெளியிட்டது. உலகில் 5 சதவீத ஆலைகள் எட்டும் தரம் எது, 50 சதவீதம் எட்டுவது எது என்று அதில் பார்க்கலாம். நூல் வாங்குபவரும் விற்பவரும் அந்த எண்ணை வைத்தே பேரம் பேசத் தொடங்கினார்கள். கருவி செய்தவர் அதோடு நிற்காமல் ஒப்பிடும் அளவுகோலையும் தந்ததால், அந்தக் கருவி இல்லாமல் ஆலை நடத்துவதே சிரமம் என்ற நிலை வந்தது. தரவு எந்திரம் செய்பவருக்கு எப்படிப் பயன்படும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கம்பி வந்தது

1960களின் இறுதியில் அமெரிக்காவில் பி.எல்.சி. பிறந்தது. ரிலேக்கள் நிறைந்த அலமாரியின் இடத்தை ஒரு சிறு கணினி பிடித்தது. எந்திரங்கள் பேசிக் கொள்ள 1979ல் மோட்பஸ் என்ற மொழி வந்தது. வெவ்வேறு கம்பெனி எந்திரங்களும் ஒன்றையொன்று புரிந்து கொள்ள 1996ல் ஓ.பி.சி., 2008ல் அதன் புதிய வடிவமான ஓ.பி.சி. யு.ஏ. வந்தன.

ஜப்பானின் கோமாட்சு நிறுவனம் மண் அள்ளும் எந்திரங்களில் ஜி.பி.எஸ். பொருத்தி, எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்தது. 2001 முதல் ஜப்பானில் விற்ற எந்திரங்களில் அந்த வசதி கூடவே வந்தது. எந்த உதிரி பாகம் எப்போது தேவைப்படும் என்று கோமாட்சுவுக்கு முன்கூட்டியே தெரிந்தது.

இன்று எல்.எம்.டபிள்யூ. என்று பெயர் சுருங்கிவிட்ட கோவை நிறுவனமும் 'ஸ்பின் கனெக்ட்' என்ற பெயரில் ஆலை எந்திரங்களை இணைத்துக் கண்காணிக்கும் வசதி தருகிறது. நூற்பாலைகளில் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் தனித்தனியே கவனிக்கும் சென்சார்கள் வந்து விட்டன. ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப நூல் அறுந்தால், குற்றம் பஞ்சில் இல்லை, அந்த ஸ்பிண்டிலில்தான் என்று தெரிந்து விடும். ஆள் நின்று எண்ணிய வேலை இது.

சின்னப் பட்டறைக்கு என்ன லாபம்?

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தானா? இல்லை. திருப்பூர், கோவைப் பட்டறைகளில் துணிக்குச் சாயமேற்றும் எந்திரங்கள் தயாராகின்றன. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் தொழில் என்றானது. அதன் பின் ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது உயிர்க்கணக்கு. 'என் மெஷின் தண்ணீர் குறைவாகக் குடிக்கும்' என்று வாயால் சொல்பவரை விட, ஓடிக் கொண்டிருக்கும் பத்து மெஷின்களின் மீட்டர் கணக்கை எடுத்து நீட்டுபவருக்கு ஆர்டர் கிடைக்கும். அடுத்த மாடலில் எதைத் திருத்த வேண்டும் என்பதும் அதே கணக்கில் இருக்கும்.

கணக்கு யாருடையது?

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சிட்ராவுக்குக் கொடுத்த கணக்கு ஆலைகளுக்கே திரும்பி வந்தது. எந்திரம் நேராகத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் கணக்கு ஓனருக்குத் திரும்புமா? ஜாப் ஒர்க் செய்பவரின் மெஷின் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்று வெளியே தெரிந்தால், அடுத்த நாளே கூலியைக் குறைத்துக் கேட்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. இணைக்கப்பட்ட எந்திரத்தைப் பயன்படுத்துபவர், அதில் உண்டாகும் தரவைக் கேட்டுப் பெறலாம், தான் விரும்பும் பழுது பார்ப்பவருக்குத் தரவும் செய்யலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதத் தரவைப் பற்றியது. நிட்டிங் மெஷினின் ஓட்டக் கணக்கு அதில் வராது. ஆகவே இங்கே மெஷின் வாங்கும்போது எழுதும் ஒப்பந்தம்தான் காவல்.

கோவை வளர்ந்தது ஆலைக்காரரும் பட்டறைக்காரரும் ஒருவரை ஒருவர் நம்பியதால். கம்பி அந்த நம்பிக்கையைத் தானாகக் கொண்டு வராது. குன்னத்தூரில் உடைந்த ஊசியின் கதை மெஷின் செய்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் கிடைக்கும் நன்மையில் ஒரு பங்கு குன்னத்தூருக்கும் திரும்பி வர வேண்டும். அப்போதுதான் ஓனர் அந்த ஒயரைப் பிடுங்காமல் விட்டு வைப்பார்.