பொதுத் தொகுதியின் வாயில்

புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் சூழ அமைந்த ஊர் நுரைச்சோலை. வெங்காயமும் காய்கறியும் விளையும் அவ்வூரின் பெயரை இலங்கை முழுவதும் அறியச் செய்தது அங்கே எழுந்த நிலக்கரி மின்னிலையம். அதன் முதற்பொறி 2011ஆம் ஆண்டிலும், ஏனைய இரண்டும் 2014ஆம் ஆண்டுக்குள்ளும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றின் ஆற்றலும் 300 மெகாவாட்டு.

இத்தகைய பொறியொன்றை நாட்டின் மின்வலையமைப்போடு நினைத்த மாத்திரத்தில் இணைத்துவிட இயலாது. மின்னழுத்தம் ஒத்திருத்தல் வேண்டும். வினாடிக்கு 50 என்னும் மீடிறன் பொருந்துதல் வேண்டும். மின்னலையின் ஏற்றமும் இறக்கமும் இரு பக்கத்திலும் ஒரே கணத்தில் நிகழ்தல் வேண்டும். அதன் பின்னரே ஆளி மூடப்படும். இணைந்த பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறைத் துணைமின்னிலையத்தில் குரங்கொன்றினால் நேர்ந்த கோளாறே காரணம் என மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். கோளாறு தோன்றிய இடம் பாணந்துறை. நின்றுபோன மூன்று பெரும்பொறிகள் நுரைச்சோலையில். அவற்றை மீட்டெடுக்கும்வரை அடுத்த நாள்களிலும் மின்வெட்டு நீடித்தது.

கணினியுலகிலும் இதனையொத்த பொது இணைப்பு ஒன்றுண்டு. கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். கோப்பைப் பிரதிசெய்தல், சொல்லைத் தேடுதல், சுருக்கிக் கட்டுதல், விரித்தல் முதலிய சிறு பணிகளைப் புரியும் கருவிநிரல்கள் பல அதனுடன் சேர்ந்தே வருகின்றன. இவற்றுள் எல்லாக் கணினியிலும் தவறாது இடம்பெறுவனவற்றின் திரட்டே அடிப்படைத் தொகுதி. இத்தொகுதிக்குள் ஒரு நிரல் புகுந்துவிட்டால், அதனைக் கேட்டறியாத இலட்சக்கணக்கானோரும் அதன்மேல் சாய்ந்தே வாழ்கின்றனர். ஆகவே எதை உள்ளே விடலாம், எதை நிறுத்திவைக்கலாம் என்னும் வினா தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். அதன் முதற் கையேடு 1971 நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விளக்கம். அவ்விளக்கத்திலே 'உடையவர்' என்றொரு தலைப்பு, அதன்கீழ் அந்நிரலுக்குப் பொறுப்பானவரின் குறும்பெயர். 'குறைகள்' என்று மற்றுமொரு தலைப்பு. தம் படைப்பின் குறையைத் தாமே அச்சிற் பொறித்துத் தரும் வழக்கம் எத்தொழிலிலும் அரிது. பிற்காலத்து விதிகளுட் பெரும்பாலன இவ்விரு தலைப்புகளின் விரிவே எனலாம்.

1991ஆம் ஆண்டில் லினக்ஸ் தோன்றியது. அதனைச் சுற்றிக் கருவிநிரல்களைத் திரட்டி வழங்குவோர் பலர் எழுந்தனர். திரட்டியதைப் பேணினோர் சிலரே. அக்குறைகண்டு மனம் பொறாத இயன் மர்டொக் என்னும் மாணவர் 1993 ஆகஸ்டில் டெபியன் என்ற வழங்கலை அறிவித்தார். ஊதியமின்றி உழைக்கும் பலநாட்டார் கூடிய இத்திட்டம், பிரூஸ் பெரென்ஸ் தலைமையில் வகுத்த வழிகாட்டு நெறிகளை 1997 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. நிரலை எவரும் பிறர்க்கு வழங்கலாம். அதன் மூலநிரல் உடனிருத்தல் வேண்டும். திருத்தி வெளியிட உரிமை வேண்டும். எம்மனிதருக்கும் எத்தொழிலுக்கும் விலக்கு இருத்தலாகாது. டெபியனுக்கு மட்டும் சலுகை தரும் உரிமமும் ஏற்கப்படுவதில்லை. தனக்குக் கிடைக்கும் தனிச்சலுகையைத் தானே மறுக்கும் இவ்விதி முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றும். ஆயினும் டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2007ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து சிடாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளத்தை எவரிடமும் அனுமதி கோராது ஆக்க முடிந்தது, இத்தகைய விதிகளாலேயே.

விதி கடுமையாகவும் நடந்துகொண்டது. 1998இல், கேடிஈ என்னும் அழகிய திரைமுகப்பின் உறுப்பொன்றுக்கு உரிமம் பொருந்தவில்லை என்று கண்டு, அதனை முழுவதுமாகக் களஞ்சியத்தினின்று டெபியன் நீக்கிற்று. பயனர் பலர் முணுமுணுத்தனர். 2000ஆம் ஆண்டில் அவ்வுரிமம் மாற்றப்பட்ட பின்னரே கதவு திறந்தது.

உரிமம் சரியாயினும் பெயர்ச் சிக்கல் வரலாம். இரு வேறு பணிபுரியும் நிரல்கள் ஒரே கட்டளைப் பெயரைக் கொள்ளலாகாது என்பதும், இருசாராரும் உடன்படாவிடின் இருவருமே பெயர் மாற்றவேண்டும் என்பதும் டெபியன் விதி. பிள்ளைக்காக வழக்காடிய இரு தாயர் கதையை இது நினைவூட்டும். தன்னார்வ வானொலியாளர் நெடுங்காலமாக 'நோட்' என்ற பெயரில் ஒரு நிரலை வைத்திருந்தனர்; அவர்களின் அமைப்புக் கோப்புகளில் அப்பெயர் பதிந்திருந்தது. பின்னாளில் வந்து உலகெங்கும் பரவிய 'நோட் ஜேஎஸ்' என்பதும் அதே பெயரை வேண்டிற்று. முன்வந்தவர் உரிமை பெரிதா, மிகுந்தோர் வழக்கம் பெரிதா? ஓராண்டுக்கு மேல் நீண்ட வாதத்தைத் தொழினுட்பக் குழு 2012இல் முடித்துவைத்தது. புதியவர் பெயரைப் பெற்றார். வானொலியாளரின் நிரல் வேறு பெயர் பூண்டது. வானொலி நேயர்க்கு இத்தீர்ப்பு சற்றே கசக்கக்கூடும்.

தமிழுக்கும் இவ்வாயிலில் ஒரு பங்குண்டு. எழுத்துருவை எங்கோ தேடி எடுத்து, தானே பொருத்தி, ஊருக்கொரு குறியேற்றத்தோடு போராடிய காலம் தமிழர் பலர்க்கு நினைவிருக்கும். உரிமம் தெளிவான எழுத்துருக்கள் பொதிகளாகி உள்ளே சென்ற பின்னர் அத்துன்பம் குறைந்தது. 2007இல் வெளிவந்த டெபியன் பதிப்பில் நிறுவும் பணிக்கே வரைகலை முகப்பு அமைந்தது. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கத் தமிழிலேயே வினாக்களை வாசிக்க வழி பிறந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் 'தமிழ் - இந்தியா' என்பதுபோல் 'தமிழ் - இலங்கை' என்பதற்கும் தனியிடம் உண்டு. நுரைச்சோலையில் மாணவன் ஒருவன் அதனைத் தெரிவுசெய்தால், திகதியும் நாணயமும் அவன் நாட்டு வழக்கில் அமையும். எவரிடமும் அவன் எதனையும் இரந்து பெறவேண்டியதில்லை.

இவ்விதிகளால் காணமுடியாத ஒன்றும் உண்டு. அதனை 2024ஆம் ஆண்டு காட்டிற்று. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் எளிய கருவி. டெபியனில் பொதிகளை விரிக்கும் நிரலே அதன் நூலகத்தைச் சார்ந்துள்ளது. அத்துணை அடிப்படையான கருவியை நெடுங்காலம் பேணியவர், ஊதியமின்றி உழைத்த ஒரே மனிதர். 2021 முதல் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் பொறுமையோடு திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கை ஈட்டி, இணைப் பராமரிப்பாளரானார். உரிமம் குற்றமற்றது, பெயர் தெளிவானது, பொறுப்பாளரும் இருந்தார். எல்லா வினாவுக்கும் விடையிருந்தது, அம்மனிதர் யாவர் என்பதைத் தவிர. 2024 பெப்ரவரியில் வெளிவந்த 5.6.0 பதிப்பிலும் அடுத்துவந்த 5.6.1 பதிப்பிலும், பிறர் கணினிக்குள் களவாகப் புகும் வழி ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் நிரலுக்கு எக்ஸ்இசட்டோடு நேர்த்தொடர்பு இல்லை. வழங்குவோர் இடையிற் செய்த இணைப்பொன்றின் வழியே கேடு அங்கு சென்றடைந்தது. பாணந்துறைக்கும் நுரைச்சோலைக்கும் உள்ள தொடர்பு போன்றதே இதுவும்.

அதனைக் கண்டுபிடித்தவர் ஆந்திரேஸ் புரொயிண்ட் என்னும் பொறியியலாளர். தம் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்து, காரணத்தைத் துருவித் தேடி, மார்ச் 29ஆந் திகதி உலகறிய வெளியிட்டார். டெபியனின் நிலைத்த பதிப்பை அக்கேடு அப்போது எட்டியிருக்கவில்லை. சோதனைப் பதிப்புகளே தீண்டப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து உடனே பழைய 5.4.5க்குத் திரும்பவேண்டியிருந்தது. ஆனால் பதிப்பெண் முன்னேறலாமேயன்றிப் பின்னிறங்கலாகாது என்பது களஞ்சியத்தின் முறை. சிறிய எண்ணைப் புதிதென்று எக்கணினியும் ஏற்காது. எனவே பராமரிப்பாளர்கள் 5.6.1 என்றே தொடங்கி, அதனையடுத்து 'உண்மையில்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை இட்டு, அதன்பின் 5.4.5 என்று எழுதி அப்பொதியை வெளியிட்டார்கள்.