குறுக்கே விழும் சொல்லும் வராத பதிலும்: வடதமிழகப் பேச்சில் இடைமறிப்பை அளப்பது குறித்து

ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் புகுந்து பேசுவதைக் குறுக்குப்பேச்சு என்கிறோம். உரையாடலை ஆராய்ந்தவர்களில் பலர் இதை நேரக் கணக்காகவே அளந்திருக்கிறார்கள். முதல் குரல் எங்கே நின்றது, இரண்டாம் குரல் எங்கே புகுந்தது என்பதே அவர்களுடைய கேள்வி. விழுப்புரம் மாவட்டத்து முகையூர், கண்டாச்சிபுரம் வட்டாரத்துப் பேச்சுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அதைவிட, உண்மையான வாயடைப்பு நடக்கும் இடத்தை அது கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. குறுக்கே விழுந்த சொல்லை எண்ணுவதற்குப் பதிலாக, அதற்குப் பிறகு முதலில் பேசியவருடைய விஷயம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் ‘லாங்குவேஜ்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசுகிறார், குரல்கள் மோதினாலும் விரைவில் ஒன்று விலகிக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். மறு ஆண்டே சிம்மர்மன், வெஸ்ட் இருவரும் ஆணும் பெண்ணும் பேசிய 11 உரையாடல்களில் 48 குறுக்கீடுகளைக் கண்டு, அவற்றில் 46 ஆண்கள் செய்தவை என்று எழுதினார்கள். அந்த எண் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் ஜேம்ஸ், கிளார்க் இருவரும் 1993இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண்கள்தான் அதிகம் குறுக்கிடுகிறார்கள் என்பதற்கு ஒரே சீரான சான்று கிடைக்கவில்லை. ஆண்கள் மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எண்ணப்பட்ட பொருளே வழுக்கலானது என்று நான் வாசிக்கிறேன்.

வழுக்கல் எங்கே என்பதைத் தமிழ் வினைமுற்று காட்டிக்கொடுக்கிறது. வெஸ்ட்டும் சிம்மர்மனும் 1983இல் தந்த வரையறைப்படி, ஒரு கூற்று முடிய இரண்டு அசைக்கு மேல் மிச்சமிருக்கும்போது புகுந்தால் அது ஆழ்ந்த குறுக்கீடு. ஆங்கிலத்தில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. நம் பேச்சில் ‘உங்க அண்ணன் எங்க?’ என்று கேட்டவருக்கு ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று பதில் வருகிறது. ‘வந்துக்கிட்’ என்ற அளவிலேயே செய்தி கேட்டவர் கைக்கு வந்துவிடுகிறது. மிச்சமுள்ள நான்கு அசையும் காலத்தையும் மரியாதையையும் சுமக்கின்றன. இரண்டும் கேட்டவருக்கு முன்பே தெரிந்தவை. அவர் அங்கேயே ‘சரி, அப்ப நான் இருந்து பாத்துட்டே போறேன்’ என்று தொடங்கினால், ஆங்கில அளவுகோல் அவரை முரடர் என்று குறித்துக்கொள்ளும். முகையூரில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. எதிர்மறை நமக்கு வினையின் கடைசியில் வருகிறது. ‘தண்ணி வர்றது...’ என்பது வரை கேட்டவருக்கு அது ‘உண்டு’ ஆகுமா ‘இல்லை’ ஆகுமா என்று தெரியாது. ஆகவே குறை சொல்பவரை அந்த இடத்துக்கு முன்பே வெட்டினால் வெட்டு ஆழமானது. ‘இல்லை’ வந்தபின், ‘ங்க’ மிச்சமிருக்கும்போது புகுந்தால் வெட்டே இல்லை. அசையை எண்ணுவதில் இந்த வேறுபாடு விழுவதில்லை.

பேச்சில் வினைமுற்றோடு வாக்கியம் நின்றுவிடுவதும் இல்லை. ‘வந்துட்டான் நேத்தே’, ‘குடுத்துட்டேன்பா அவன்கிட்ட’ என்று காலமும் விளியும் யாரிடம் என்பதும் வாலாகத் தொங்குகின்றன. வினை வந்ததும் முடிந்தது என்று கேட்பவர் தொடங்க, சொல்பவர் வாலைச் சேர்க்க, இரண்டு குரலும் மோதுகின்றன. இதில் யாருடைய தவறும் இல்லை. விளிச்சொல் போன்ற விருப்ப உறுப்புகள் இப்படிப்பட்ட மோதலுக்கு இடம் தருவதை 1974ஆம் ஆண்டுக் கட்டுரையே சொல்லியிருக்கிறது. 2009இல் ஸ்டிவர்ஸ் குழுவினர் பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான இடைவெளியை அளந்தார்கள். அந்தப் பத்தில் தமிழும் இல்லை, வேறு திராவிட மொழியும் இல்லை. இருந்திருந்தால் இந்த வால்களை என்ன செய்வது என்று யோசித்திருப்பார்கள்.

கேட்பவர் சும்மா இருப்பது நம்மிடம் நல்ல கேட்டலாகக் கருதப்படுவதில்லை. கதை கேட்கும் பிள்ளை ஊம் கொட்டாவிட்டால் பாட்டி நிறுத்திவிடுவார். பெரியவர்களுக்குள் கேட்பவரின் பங்கு இன்னும் துணிச்சலானது. நான் கட்டிய ஓர் எடுத்துக்காட்டு:

‘மாட்ட ஓட்டிக்கிட்டு ஏரிக்குப் போனா...’
‘தண்ணி இல்லியா?’
‘தண்ணி கெடக்குது. கரைதான் ஒடஞ்சி கெடக்குது.’

நேரக் கணக்கில் இரண்டாம் ஆள் வாக்கியத்தின் நடுவில் விழுந்தார். ஆனால் மூன்றாம் வரியைப் பாருங்கள். முதலில் பேசியவர் அந்த ஊகத்தை வாங்கி, திருத்தி, தன் கதையை முன்பைவிட வலுவாக எடுத்துக்கொள்கிறார். விஷயம் அவர் கையைவிட்டுப் போகவில்லை. டெபோரா டானன் 1984இல் நியூயார்க் யூதர்களின் விருந்துப் பேச்சை ஆராய்ந்து, ஈடுபாட்டால் விளையும் உடன்பேச்சு என்று ஒன்றை அடையாளம் கண்டார். நம்முடையது அதற்கு உறவுதான். ஆனால் அவர் அதை ஒரு பேச்சுப் பாணியாகப் பார்த்தார். இங்கே அது பாணி மட்டுமல்ல, உரிமை. யார் யாரோடு உடன்பேசலாம் என்பதற்கு வயதும் உறவும் சாதியும் எல்லை போடுகின்றன. மச்சான்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவார்கள். மாமனார் முன்னால் மருமகன் அப்படிப் பேசுவதில்லை. முதியவர் இருக்கும் அவையில் முந்திப் பேசாத அடக்கத்தைத் திருக்குறளும் அவையறிதல் அதிகாரத்தில் உயர்ந்த பண்பாக வைக்கிறது. அங்கும் பேசப்படுவது குரல்களின் மோதல் அல்ல, யார் முதலில் என்பதே. இதிலிருந்து, சமமானவர்கள் மோதிப் பேசுகிறார்கள் என்றால், மோதலே இல்லாத அமைதியான பேச்சில் சமமின்மை இருக்கக்கூடும் என்று கொள்ளலாம்.

இந்த வட்டாரத்தின் கூத்து இதை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. செஞ்சி, திருக்கோவிலூர்ப் பக்கங்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைக்கும் ஊர்களில் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், இரவில் தெருக்கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரியை இந்த வழிபாட்டின் மூலத்தலமாக மரபு கருதுவதை ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் அரசன் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொடங்கியதும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே புகுகிறான். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று தெரியாதவன் போலக் கேட்கிறான். உள்ளூர் விவகாரத்தை நுழைக்கிறான். அரசனின் பெருமையைக் கலாய்க்கிறான். குறுக்கீட்டை எண்ணினால் அவனைப்போல் குற்றவாளி கிடையாது. ஆனால் அவன் கேட்பதற்கெல்லாம் அரசன் பதில் சொல்கிறான். சொல்லச் சொல்ல அரசனின் கதை கூட்டத்துக்குப் பிடிபடுகிறது.

இப்போது அதே பாரதத்தின் துகிலுரி களத்துக்கு வாருங்கள். அவையில் திரௌபதி கேட்பது ஒரு சட்டக் கேள்வி: தன்னையே வைத்துத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? கேள்வியை அவள் கேட்டு முடிக்கிறாள். ஆனால் பெரியவர்களிடமிருந்து நேரான பதில் வருவதில்லை. பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்கிறார். நேராகப் பேசும் விகர்ணனைக் கர்ணன் அடக்குகிறான். முதல் கேள்வியைப் பொறுத்தவரை அங்கே குறுக்கீடு பூஜ்யம். ஆனாலும் அந்தக் கதையில் அதைவிடப் பெரிய வாயடைப்பு வேறில்லை.

இந்த அவைக்கு இன்று மிக நெருங்கியது கிராம சபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்றிருந்த நான்கோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். முகையூர் ஒன்றியத்து ஊராட்சிகளும் இதற்கு உட்பட்டவையே. தமிழ்நாட்டுக் கிராம சபைப் பேச்சுகளை எழுத்தில் பெயர்த்து, ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் 2019இல் அமெரிக்க அரசறிவியல் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேசுவதையும் கேட்கப்படுவதையும் தனித்தனியாக அளந்ததுதான் அதன் சிறப்பு. பெண்கள் குறைவாகப் பேசுகிறார்கள். விவாதப் பொருளை முடிவுசெய்வதும் குறைவு. அதிகாரிகளிடமிருந்து தாங்கள் எழுப்பிய பொருளையொட்டிய பதிலைப் பெறுவதும் குறைவு. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்கள் பேசும் வாய்ப்பு பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர்கள் கேட்கப்படும் வாய்ப்பு கூடியது. இடைமறிப்பை மட்டும் எண்ணியிருந்தால் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

கேள்வியையும் பதிலையும் இணையாக வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செப்பும் வினாவும் வழுவாமல் இருப்பதைப் பேசினார். நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பிரித்தார். அவற்றில் ஏவல் என்பது, ‘இதைச் செய்வாயா’ என்று கேட்டவரிடம் ‘நீயே செய்’ என்பது. ‘சார், பைப்புல தண்ணி எப்ப வரும்?’ ‘மனு ஒன்னு எழுதிக் குடும்மா.’ நன்னூலாரின் ஏவல் விடை அரசு அலுவலகங்களில் வாடாமல் வாழ்கிறது.

மறுப்பு ஒன்று எழலாம். ‘நீ சும்மா இரு, உனக்கு ஒன்னும் தெரியாது’ என்று கணவன் மனைவியின் பேச்சை வெட்டுவது குறுக்கீடு இல்லையா? குறுக்கீடுதான், நான் சொல்லும் சோதனையில் அதுவும் சிக்கும். அடுத்த முறை அவள் பேசவில்லை, அல்லது அவன் விஷயத்தைப் பேசினாள் என்பதே சான்று. சிம்மர்மனும் வெஸ்ட்டும்கூட, ஆண்கள் தாமதித்துச் சொல்லும் ‘ம்’ பெண்களைப் பேச்சை விடவைத்ததைக் குறித்திருந்தார்கள். ஊம் கொட்டாமல் விடுவதும் ஓர் ஆயுதம் என்ற அந்தக் கண்டுபிடிப்பைவிட 48க்கு 46 என்ற எண்தான் பரவியது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானபோது, அவரை யாராவது குறுக்கே பேசித் தடுத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆகவே வடதமிழகக் கிராம சபைகளைப் பதிவுசெய்யப் போகும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். குரல்கள் மோதிய இடங்களில் மட்டும் அடையாளம் இடாதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் பிறகு வந்த இரண்டு கூற்றுகளை எழுதுங்கள்: யார் பதில் சொன்னார், பதில் எந்த வகை, குறை சொன்னவர் மறுபடி வாய் திறந்தாரா என்று குறியுங்கள். ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் முடிவுகள்தான் எழுதப்படுகின்றன. இந்த இரண்டு கூற்றுகள் அதில் இருப்பதில்லை.