பதுளைத் தூண் சாசனம்

தேயிலை மலைகள் சூழ்ந்த பதுளைக்கு இருப்புப் பாதை வந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நகருக்கு வந்து சேர்ந்தது ஒரு கற்றூண். மகியங்கனையை அடுத்த சொரபொர வாவியருகே காடு மூடிக் கிடந்த அதனை 1857இல் ஜான் பெய்லி என்னும் ஆங்கில அதிகாரி கண்டெடுத்தார்.

பத்தாம் நூற்றாண்டில் அவ்விடத்தே ஹோபிட்டிகம என்றொரு சந்தை இருந்தது. உதய மன்னன் மகியங்கனைக்கு எழுந்தருளியபோது வணிகரும் ஊராரும் அவன்முன் சென்று முறையிட்டனர். முந்தைய அரச கட்டளைகளை மீறி அதிகாரிகள் முறைகேடாகப் பொருள் பறிக்கின்றனர் என்பதே முறையீடு. மன்னன் செவிசாய்த்தான். சந்தையில் விற்காது கடந்து செல்லும் பண்டத்துக்குச் சுங்கம் கூடாது என்பது போன்ற விதிகள், இருநூறுக்கு மேற்பட்ட வரிகளில், தூணில் வெட்டப்பட்டன. அரசர் புகழ் பேசும் சாசனங்கள் ஏராளம். சந்தைக்காரனின் குறையைப் பேசும் கல் அரிதே. அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் அக்கட்டளை, அவர்கள் நாள்தோறும் நடமாடிய இடத்திலேயே நாட்டப்பட்டது.